பிஎச்பி ரீட்ஒன்லி: நான்கு வருடம் பயன்படுத்திய அனுபவம்

மொத்த வியாபாரிகளுக்கான ஒரு பில்லிங் மென்பொருளில் வேலை செய்கிறேன். அது பிஎச்பி என்ற நிரல் மொழியில் எழுதப்பட்டது. 2022 தொடக்கத்தில் அதை பிஎச்பி 8.1-க்கு மாற்றினோம். மாற்றியே ஆக வேண்டும் என்று நான் விடாமல் கேட்டதற்கு ஒரே காரணம், அந்தப் பதிப்பில் வந்த ரீட்ஒன்லி ப்ராப்பர்ட்டி. ப்ராப்பர்ட்டி என்பது ஆப்ஜெக்டுக்குள் ஒரு மதிப்பை வைக்கும் இடம்; ரீட்ஒன்லி என்றால் ஒரு தடவை வைத்த மதிப்பைப் பிறகு மாற்ற முடியாது.

அதற்குச் சில வாரங்கள் முன்பு ஒரு பிழை எங்களை இரண்டு நாள் அலைக்கழித்தது. சில பில்களின் தொகை டேட்டாபேஸில் பைசா இல்லாமல் முழு ரூபாயாகப் பதிவாகியிருந்தது. தேடிப் பார்த்தால், பிரிண்ட் எடுக்கும் இடத்தில் தொகையை ரவுண்ட் செய்து அதே பில் ஆப்ஜெக்டுக்குள் (ஒரு பில்லின் விவரங்களை நிரலில் தாங்கும் தொகுப்பு) திரும்ப எழுதியிருந்தார்கள். பிரிண்ட் முடிந்ததும் அந்த ஆப்ஜெக்ட்தான் சேமிக்கப்படுகிறது. ரீட்ஒன்லி இருந்திருந்தால் அந்த வரி முதல் தடவை ஓடும்போதே எர்ரர் காட்டி நின்றிருக்கும்.

கிளாஸுக்குள் (ஆப்ஜெக்டுகளை உருவாக்கும் அச்சு) கான்ஸ்ட், அதாவது மாறிலி, போடலாமே என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். கான்ஸ்ட் என்பது எல்லா ஆப்ஜெக்டுக்கும் பொதுவான ஒரே மதிப்பு. எங்களுக்கு வேண்டியது பில்லுக்குப் பில் வேறுபடுகிற, ஆனால் ஒரு பில்லுக்குள் மாறாத மதிப்பு. அது கன்ஸ்ட்ரக்டரில், அதாவது ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் மெத்தடில்தான் தெரியவரும். 7.4 காலத்தில் இதற்கு ப்ரைவேட் ப்ராப்பர்ட்டி ஒன்று, கன்ஸ்ட்ரக்டரில் அளவுரு ஒன்று, அதை எடுத்து வைக்கும் வரி ஒன்று, மதிப்பை வெளியே காட்ட கெட்டர் என்ற மெத்தட் ஒன்று என ஒவ்வொரு மதிப்புக்கும் நான்கு இடத்தில் எழுதினோம். 8.0-இல் கன்ஸ்ட்ரக்டர் அடைப்புக்குறிக்குள்ளேயே ப்ராப்பர்ட்டியை அறிவிக்கும் வசதி வந்தது. 8.1-இல் அதன் முன்னால் ரீட்ஒன்லி என்ற ஒரு சொல் சேர்ந்தது. எங்கள் பில் கிளாஸில் பாதிக்கு மேல் வரிகள் காணாமல் போயின. அந்த நாள் எனக்கு உண்மையிலேயே சந்தோஷமான நாள்.

விதிகள் எளிமையானவை. டைப் (எண்ணா, எழுத்தா என்ற மதிப்பின் வகை) கட்டாயம். அறிவிக்கும் வரியிலேயே மதிப்பு கொடுக்க முடியாது. கன்ஸ்ட்ரக்டர் அளவுருவாக அறிவித்தால் மட்டும் இயல்பு மதிப்பு தரலாம். கிளாஸின் உள்ளிருந்து ஒரே ஒரு தடவைதான் வைக்க முடியும். இந்த 'ஒரே தடவை' கன்ஸ்ட்ரக்டருக்குள்ளும் பொருந்தும் என்பதில் ஆரம்பத்தில் எல்லோரும் இடறினோம். தள்ளுபடியை முதலில் பூஜ்யம் என்று வைத்துவிட்டு, இஃப் உள்ளே நிஜ மதிப்பை வைப்பது எங்கள் பழைய பழக்கம். இரண்டாவது தடவை வைத்ததும் எர்ரர். இப்போது கணக்கையெல்லாம் சாதாரண மாறியில் முடித்துவிட்டு, கன்ஸ்ட்ரக்டரின் கடைசி வரிகளில்தான் ப்ராப்பர்ட்டிகளை நிரப்புகிறோம். படிக்கவும் அதுதான் சுலபம்.

அடுத்தது தேதி. பில் தேதியை ரீட்ஒன்லி ஆக்கிவிட்டோம், சரி என்று இருந்தோம். கெடு தேதி கணக்கிடும் இடத்தில் அதன்மேல் மாடிஃபை என்ற, தேதியை மாற்றும் மெத்தடை அழைத்து 30 நாள் கூட்டினார்கள். பில் தேதியே நகர்ந்துவிட்டது, எர்ரர் ஏதும் இல்லை. ரீட்ஒன்லி காப்பது அந்த இடத்தில் எந்த ஆப்ஜெக்ட் இருக்கிறது என்பதை மட்டும்தான், அந்த ஆப்ஜெக்டின் உள்ளே நடப்பதை அல்ல. டேட்டைம் என்ற தேதி கிளாஸை எடுத்துவிட்டு, உள்ளே மாறாத டேட்டைம்-இம்யூட்டபிள் போட்டதும் தீர்ந்தது. அரே (மதிப்புகளின் பட்டியல்) என்றால் இந்தத் தொல்லை இல்லை. அதில் ஒரு உறுப்பைச் சேர்க்கப் போனாலே தடுத்துவிடும்.

ஆனால் என் எண்ணத்தையே மாற்றியது கேஷ் விவகாரம். வாடிக்கையாளர் ஆப்ஜெக்டுகளை சீரியலைஸ் செய்து, அதாவது சேமிக்கத்தக்க எழுத்துவடிவமாக்கி, கேஷில் (வேகமாக எடுக்கத் தற்காலிகமாகச் சேமிக்கும் இடம்) வைத்திருந்தோம். ஒரு நாள் அந்தக் கிளாஸில் கடன் வரம்பு என்று புதிய ரீட்ஒன்லி ப்ராப்பர்ட்டி சேர்த்தோம். கன்ஸ்ட்ரக்டர் அதைத் தவறாமல் நிரப்புகிறது, டெஸ்ட் எல்லாம் பாஸ். சர்வரில் ஏற்றியதும் வரிசையாக எர்ரர்: மதிப்பு வைக்கும் முன்பே ப்ராப்பர்ட்டியைப் படிக்கிறீர்கள் என்று. அன்சீரியலைஸ் செய்யும்போது, அதாவது அதைத் திரும்ப ஆப்ஜெக்டாக்கும்போது, கன்ஸ்ட்ரக்டர் ஓடாது. பழைய கேஷிலிருந்து எழுந்து வந்த ஆப்ஜெக்டுகளில் கடன் வரம்பு என்ற இடம் காலியாகவே இருந்தது. உடனடியாக கேஷ் சாவியில் பதிப்பு எண்ணைச் சேர்த்துச் சமாளித்தோம். பிறகு அன்சீரியலைஸ் மேஜிக் மெத்தடை (அப்போது பிஎச்பி தானாக அழைக்கும் மெத்தட்) நாமே எழுதி, இல்லாத மதிப்பை அங்கே நிரப்பினோம். இன்னும் காலியாக இருக்கும் ரீட்ஒன்லி ப்ராப்பர்ட்டிக்கு அந்த மெத்தடிலிருந்து மதிப்பு வைக்கலாம்.

வைத்த மதிப்பை மாற்றவிடாது என்பதுதான் ரீட்ஒன்லி தரும் உறுதி. மதிப்பு வைக்கப்பட்டிருக்கும் என்ற உறுதியை அது தரவே இல்லை. நான் இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று முதல் பிஎச்பிஸ்டான் (நிரலை ஓட்டாமலே பிழை தேடும் கருவி) ஓட்டாமல் எதையும் ஏற்றுவதில்லை. கன்ஸ்ட்ரக்டரில் நிரப்பாமல் விட்டதையும், கன்ஸ்ட்ரக்டருக்கு வெளியே நிரப்புவதையும் அது தனித்தனியாகச் சுட்டிக்காட்டும். கேஷ் பிரச்சினையை அது பிடித்திருக்காது, ஆனால் வேறு பலவற்றைப் பிடித்திருக்கிறது.

பின்னால் வந்த பதிப்புகளில் 8.2-இன் ரீட்ஒன்லி கிளாஸ் வசதியானது, ஒவ்வொரு ப்ராப்பர்ட்டிக்கும் எழுத வேண்டாம். 8.4-இல் சேய் கிளாஸிலிருந்தும் தாய் கிளாஸின் ரீட்ஒன்லி ப்ராப்பர்ட்டிக்கு மதிப்பு வைக்க முடிந்தது. எங்களுக்கு அது ஓரிரு இடத்தில்தான் பயன்பட்டது.

நான் நிஜமாகக் காத்திருந்தது ஒரு மதிப்பை மட்டும் மாற்றிப் புது ஆப்ஜெக்ட் எடுப்பதற்கு. 14 ப்ராப்பர்ட்டி உள்ள பில்லில் முகவரியை மட்டும் மாற்ற, மீதி 13-ஐயும் கன்ஸ்ட்ரக்டருக்குத் திரும்ப எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. 8.3-இல் க்ளோன் மெத்தடுக்குள் (ஆப்ஜெக்டை நகலெடுக்கும்போது ஓடுவது) மறுபடி மதிப்பு வைக்க அனுமதித்தார்கள், ஆனால் அதற்குள் புது மதிப்பை அனுப்ப வழியில்லை. 2025 நவம்பரில் வந்த 8.5-இல்தான் க்ளோன் செய்யும்போதே மாற்றங்களை அரேயாகக் கொடுக்க முடிகிறது.

சோதனை சர்வரில் அதைப் போட்டுப் பார்த்து, முகவரி, குறிப்பு போன்றவற்றுக்கு மாற்றியும்விட்டேன். வரி விகிதத்துக்கும் தள்ளுபடிக்கும் மட்டும் மாற்றவில்லை. க்ளோனிலும் கன்ஸ்ட்ரக்டர் ஓடாது. தள்ளுபடி தொகையை மீறக்கூடாது என்ற சோதனை எங்கள் கன்ஸ்ட்ரக்டரில் இருக்கிறது. அந்த இரண்டுக்கும் இன்னும் 14 மதிப்பையும் எழுதி, கன்ஸ்ட்ரக்டர் வழியாகவே புது பில் உருவாக்குகிறேன்.