ஜெபத்தோடு தொடங்கும் முதலீட்டுத் திட்டம்: விசுவாசிகளே, கொஞ்சம் பொறுங்கள்

உங்கள் ஜெபக்குழுவில் யாராவது 'நம் ஆட்களுக்கு மட்டும்' என்று ஒரு முதலீட்டுத் திட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தால், பணம் போடும் முன் இதை முழுசாகப் படித்துவிடுங்கள். என்னிடமும் எங்கள் குழுவில் இன்னும் பல குடும்பங்களிடமும் ஒருவர் இப்படித்தான் வாங்கிக்கொண்டு போனார். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயர் போடவில்லை. ஆனால் அவர் வந்த விதத்தைச் சொல்லலாம், ஏனென்றால் இந்த மாதிரி ஆட்கள் பெரும்பாலும் இதே வழியில்தான் வருகிறார்கள்.

முதலில் பணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. பாடல் நடத்துவார், வியாதியாய் இருப்பவர்களைப் போய்ப் பார்ப்பார், கூட்டம் முடிந்ததும் நாற்காலி அடுக்குவார். (நாற்காலி அடுக்குகிற எல்லோரையும் சந்தேகப்படாதீர்கள், பாவம்.) எல்லோருக்கும் பிடித்துப்போன பிறகுதான் சாட்சி நேரத்தில் எழுந்து, கர்த்தர் தன் தொழிலை ஆசீர்வதித்த கதையைச் சொன்னார். அப்புறம் அந்த ஆசீர்வாதத்தில் 'பங்குபெற' ஒவ்வொருவரையாகத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். மாதாமாதம் லாபம் வரும், முதலை எப்போது கேட்டாலும் திருப்பித் தருவேன், ஒரு பகுதி ஊழியத்துக்குப் போகும் என்றார். வீட்டுக்கு வந்ததும் ஜெபம், அதுவும் கண்ணீரோடு நீண்ட ஜெபம், ஆமென் சொன்ன கையோடு பேனாவை நீட்டுவார். அப்படி அழுது ஜெபித்த மனிதரிடம் 'பதிவு எண் எங்கே பிரதர்?' என்று யாருக்குத்தான் வாய் வரும்? அவர் கொடுத்த தாளில் பதிவு எண் இருக்கவேண்டிய இடத்தில் லூக்கா 6:38 அச்சடித்திருந்தது, 'கொடுங்கள், அப்பொழுது உங்களுக்கும் கொடுக்கப்படும்'. அதற்கு முந்தைய வசனங்களைப் புரட்டிப் பாருங்கள். இரக்கமாயிருங்கள், குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள், மன்னியுங்கள் என்று போகிறது பேச்சு. இன்னும் கொஞ்சம் மேலே 35ஆம் வசனத்தில் கைம்மாறு கருதாமல் கடன் கொடுக்கச் சொல்கிறார் இயேசு. மாதாந்திர லாபத்துக்கு உத்தரவாதமாக அச்சடிக்க, அதற்கு நேர் எதிரான அதிகாரத்தைத்தான் தேடிப் பிடித்திருக்கிறார் மனுஷன்.

ஆரம்பத்தில் பணம் சரியாக வந்தது. வந்ததுதான் ஆபத்தே, ஏனென்றால் வாங்கியவர்கள் சாட்சி சொன்னார்கள், சாட்சியைக் கேட்டவர்கள் போட்டார்கள், புதிதாகப் போட்டவர்களின் பணம்தான் பழையவர்களுக்கு 'லாபமாக' வந்துகொண்டிருந்தது, நடுவில் தொழில் என்று ஒன்று இருந்ததாகவே தெரியவில்லை. புது ஆள் வருவது குறைந்ததும் எல்லாம் நின்றது. இது படிக்காதவர்களை மட்டும் கவிழ்க்கிற வித்தை என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் நியூ ஈரா என்ற அறக்கட்டளை, பெயர் சொல்ல விரும்பாத நன்கொடையாளர்கள் உங்கள் பணத்தை ஆறு மாதத்தில் இரட்டிப்பாக்குவார்கள் என்று சொல்லிக் கிறிஸ்தவக் கல்லூரிகளையும் மிஷனரி அமைப்புகளையும் வளைத்துப்போட்டது. 1995இல் அது கவிழ்ந்தபோதுதான் அப்படிப்பட்ட நன்கொடையாளர்களே கிடையாது என்று தெரிந்தது. நடத்தியவருக்கு 1997இல் 12 ஆண்டு சிறை. அதைத் தோண்டி வெளியே கொண்டுவந்தவர் ஸ்பிரிங் ஆர்பர் என்ற கிறிஸ்தவக் கல்லூரியில் கணக்கியல் சொல்லிக்கொடுத்த ஆல்பர்ட் மேயர். அவர் எச்சரித்தும் அவருடைய கல்லூரியே அதில் பணம் போட்டிருந்தது!

எங்கள் குழுவிலும் ஒரு மேயர் இருந்தார். ஒரு சிஸ்டர், வரவு செலவைக் காட்டுங்கள் என்று குழுவிலேயே மெசேஜ் போட்டார். இவர் கோபப்படவே இல்லை, 'உங்களுக்காகப் பாரத்தோடு ஜெபிக்கிறேன், அவிசுவாசம் ஆசீர்வாதத்தைத் தடுக்கும்' என்று பதில் போட்டார். அன்று இரவே அந்த சிஸ்டர் வாட்ஸ்அப் குழுவில் இல்லை. நாலு பேர் ஆமென் போட்டிருந்தார்கள்.

இந்த இடத்தில்தான் நீங்கள் உஷாராக வேண்டும். கணக்குக் கேட்பது அவிசுவாசம் என்று எவர் சொன்னாலும், அந்த நிமிடமே பையை மூடுங்கள். பவுல் அப்போஸ்தலனைவிட நம் ஆள் பெரிய பரிசுத்தவானா? எருசலேம் ஏழைகளுக்குச் சேர்ந்த காணிக்கையைக் கொண்டுபோகும்போது, ஒருவரும் தங்களைக் குற்றப்படுத்தாதபடிக்கு சபைகள் நியமித்த ஆளையும் கூடவே வைத்துக்கொண்டார். கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாய் நடக்க வேண்டும் என்று காரணமும் எழுதியிருக்கிறார், 2 கொரிந்தியர் 8இல். நீதிமொழிகள் 14:15 எந்த வார்த்தையையும் நம்புகிறவனைப் பேதை என்கிறது, விசுவாசி என்று சொல்லவில்லை.

பணம் நின்றபிறகு அவர் கடைசியாக எடுத்த ஆயுதம் 1 கொரிந்தியர் 6. 'சகோதரன்மேல் சகோதரன் வழக்குக்குப் போகலாமா?' என்று கேட்டார், பாதிப் பேர் அடங்கிவிட்டார்கள். அதே அதிகாரத்தில் 8ஆம் வசனத்தை யாரும் வாசிக்கவில்லை. நீங்களே அநியாயம் செய்கிறீர்கள், நஷ்டப்படுத்துகிறீர்கள், சகோதரருக்கும் அப்படிச் செய்கிறீர்கள் என்று பவுல் திட்டுவது இவரைப் போன்ற ஆளைத்தான். அங்கே பவுல் பேசுவது அற்ப வழக்குகளைப் பற்றி. திட்டம் போட்டுப் பல குடும்பங்களைச் சுரண்டுவது குற்றம், அதைப் போலீஸில்தான் சொல்லவேண்டும். தனக்கே அநியாயம் நடக்கப்போகிறது என்றபோது பவுலும் இராயனுக்கு அபயமிட்டவர்தான், அதாவது ரோமப் பேரரசரிடம் மேல்முறையீடு செய்தவர்தான்.

ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால், 'இன்னும் கொஞ்சம் போட்டால் பழையதும் சேர்ந்து வரும்' என்பதற்கு மட்டும் மசியாதீர்கள். குழுவைவிட்டுக் கோபத்தில் வெளியேறும் முன் உரையாடல் முழுவதையும் சேமித்து வையுங்கள். எங்களில் சிலர் அழித்துவிட்டார்கள், இப்போது புகாருக்கு ஆதாரம் தேடி அலைகிறோம். வங்கி வழியாகப் போட்டவர்களுக்காவது ரசீது இருக்கிறது, கையில் கொடுத்தவர்கள் பாடு திண்டாட்டம்தான். நீங்கள் வேறொருவரைச் சேர்த்துவிட்டிருந்தால் இன்றைக்கே கூப்பிட்டு நிறுத்தச் சொல்லுங்கள்.

போதகர்களே, ஐயா, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். சாட்சி நேரத்தில் தொழில், லாபம் என்று பேச்சுத் திரும்பினால் அங்கேயே மைக்கை வாங்கிவிடுங்கள். சபை நடுவில் நீங்கள் பேசாமல் உட்கார்ந்திருந்ததை, 'ஐயாவுக்கும் தெரியும்' என்று அவர் வீடு வீடாகப் போய்ச் சொன்னார்.