பணி திருப்பித் தரும் விடை: அன்சிபிள், சால்ட், பப்பெட் ஓர் ஒப்பீடு

திருப்பூரில் சாயப்பட்டறைக்குப் போன துணி திரும்பும்போது டெலிவரி சலானும் கூடவே வருகிறது. அதில் எத்தனை ரோல், எவ்வளவு எடை என்று பார்க்காமல் வண்டி வந்ததே போதும் என்றிருக்கும் மேற்பார்வையாளரை எந்த நிறுவனமும் வைத்துக்கொள்ளாது. அதே நிறுவனங்களின் சர்வர் அறையிலோ, அன்சிபிள், சால்ட், பப்பெட் போன்று சர்வர்களில் பணிகளைத் தானே ஓட்டும் தானியங்கு மென்பொருள் ஒவ்வொரு பணிக்கும் திருப்பித் தரும் விடையைப் படிக்காமல், திரையில் சிவப்பு வரி வராவிட்டால் சரி என்று விட்டுவிடுகிறோம்.

நான் கவனித்துவந்த ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில், கணக்குத் தரவுத்தளத்தின் நகலை இரவுதோறும் மைஎஸ்க்யூஎல்டம்ப் கட்டளையால் எடுத்து, குழாய் வழியே (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்குத் தரும் இணைப்பு) கோப்பைச் சுருக்கும் ஜிசிப்புக்கு அனுப்பும் பணியை, கட்டளைகளை ஓட்டும் அன்சிபிளின் ஷெல் மாட்யூலில் எழுதியிருந்தேன். தரவுத்தளக் கடவுச்சொல் மாற்றப்பட்ட நாளிலிருந்து டம்ப் தோற்றுக்கொண்டே இருந்தது. ஆனால் குழாய்த் தொடரின் வெளியேற்ற எண் (கட்டளை முடியும்போது தரும் எண்; 0 என்றால் வெற்றி) கடைசிக் கட்டளையுடையதே என்பதாலும், வெறுமையைச் சுருக்குவதில் ஜிசிப்புக்குச் சிரமம் ஏதும் இல்லை என்பதாலும், 'ஆர்சி' (அந்த வெளியேற்ற எண்) 0 என்றும் 'ஃபெயில்டு' (தோற்றதா) பொய் என்றும் விடை வந்தது. கோப்பின் அளவு 20 பைட். நடந்த உண்மை அந்த விடைக்குள்ளேயே, பிழைச் செய்திகள் விழும் 'எஸ்டிடிஎரர்' என்ற பகுதியில் முழு வாக்கியமாகக் கிடந்தது. நான்தான் அதைப் படிக்கவில்லை.

வேறு மென்பொருளாக இருந்தால் தப்பியிருப்போமா என்று பார்த்தால், இல்லை. கட்டளையை ஓட்டும் சால்ட்டின் 'சிஎம்டி ரன்' நிலையும் பப்பெட்டின் 'எக்செக்' வளமும் (இரண்டும் அன்சிபிளின் பணியை ஒத்தவை) இயல்பாக அதே 0 என்ற எண்ணைத்தான் வெற்றி என்று கொள்கின்றன. விடையை எந்த வடிவில் தருகின்றன, அதைத் திருத்திக்கொள்ள எவ்வளவு இடம் விடுகின்றன என்பதில்தான் மூன்றும் பிரிகின்றன.

வடிவத்தில் சால்ட்டையே நான் முதலில் வைப்பேன். அதன் ஒவ்வொரு நிலையும் பெயர், முடிவு, மாற்றங்கள், குறிப்பு என்ற நான்கையே திருப்பித் தருகிறது. அவற்றுள் முடிவு மெய், பொய் என்ற இரண்டோடு நிற்காமல், எதையும் மாற்றாமல் ஓட்டிப் பார்க்கும் சோதனை ஓட்டத்தில் 'நன்' (ஏதுமில்லை) என்ற மூன்றாம் மதிப்பையும் எடுத்து, மாறவேண்டியது உண்டு, இன்னும் மாற்றவில்லை என்பதைத் தனியே சொல்லிவிடுகிறது. அன்சிபிளின் சோதனை ஓட்டம் இதையும் 'சேஞ்ச்டு' (மாறியது) என்றே காட்டுவதால், விடையை மட்டும் பார்த்து நடந்ததா, நடக்கவிருப்பதா என்று அறிய முடியாது.

பப்பெட்டை விரிவான வெளியேற்ற எண்களுடன் ஓட்டினால் மாற்றமில்லை என்பதற்கு 0, மாற்றம் நடந்ததற்கு 2, சில வளங்கள் தோற்றதற்கு 4, இரண்டும் சேர்ந்ததற்கு 6 என்று வருகிறது. குறித்த நேரத்தில் தானே ஓடும் கிரான் வேலைக்கு இது வசதிதான். 2 என்பதைத் தோல்வியாக எண்ணி நள்ளிரவில் எழுப்பும் கண்காணிப்புக் கருவி இல்லாதவரை.

இருந்தும் பத்துப் பதினைந்து சர்வர்களை ஒருவரே பார்க்கும் நம் பக்கத்து நிறுவனங்களுக்கு அன்சிபிளையே சொல்வேன். காரணம், விடையை 'ரிஜிஸ்டர்' மூலம் ஒரு மாறியில் பிடித்து, எது தோல்வி, எது மாற்றம் என்பதை 'ஃபெயில்டு வென்', 'சேஞ்ச்டு வென்' என்ற இரண்டு வரிகளில் நாமே வரையறுக்கலாம். உரையில் சொல்லைத் தேடும் கிரெப் கட்டளை, தேடிய சொல் கிடைக்காவிட்டால் 1, உண்மையான பிழைக்கு 2 என்று தருவதால், 1-ஐத் தோல்வியாக எண்ண வேண்டாம் என்று சொல்லிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. இந்தச் சுதந்திரத்துக்கு விலையும் உண்டு: கட்டளை மாட்யூல் எதையும் மாற்றாத கட்டளைக்குக்கூட 'சேஞ்ச்டு' என்றே சொல்லும், சுழற்சியில் ஓடும் பணியின் 'ஆர்சி' மேல்மட்டத்தில் இராது, 'ரிசல்ட்ஸ்' பட்டியலுக்குள் ஒவ்வொன்றாகத் தேட வேண்டும், தவிர்க்கப்பட்ட பணியும் அதே மாறியில் தன் விடையை எழுதி முந்தையதை அழித்துவிடும்.

டம்ப் பணியைத் திருத்தும்போது 'எஸ்டிடிஎரர்' வெறுமையாக இருந்தால் மட்டுமே வெற்றி என்று எழுதிப் பார்த்தேன். கட்டளை வரியில் கடவுச்சொல் கொடுத்தால் மைஎஸ்க்யூஎல்டம்ப் எழுதும் எச்சரிக்கையும் அங்கேயே விழுவதால் அது சரிப்படவில்லை. இப்போது கட்டளைகளை ஓட்டும் ஷெல்லாக 'பாஷ்' என்பதைக் குறிப்பிட்டு, குழாயில் எந்தக் கட்டளை தோற்றாலும் தொடரே தோற்றதாகக் கொள்ளும் 'பைப்ஃபெயில்' போட்டிருக்கிறேன்; அடுத்த பணியாக 'ஸ்டாட்' மாட்யூல் கோப்பின் அளவைப் பார்த்து, நான் குறித்த எல்லைக்குக் கீழே இருந்தால் ஓட்டத்தையே நிறுத்துகிறது.