சூரை டோஸ்ட்டா, சுண்டல் டோஸ்ட்டா?

காசிமேட்டில் வாங்கிய சூரை மீன் (டூனா) என்றால் ஐஸில் வைத்தே வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். வெயிலில் கிடந்தால், அலர்ஜி போல உடம்பைப் படுத்தும் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் உண்டாகும். வேகவைத்தாலும் அது போகாது. 100 கிராமை மஞ்சள், உப்பு போட்டு 8 நிமிடம் வேகவைத்து, நீரை ஒட்டப் பிழிந்து உதிர்க்கவும். சின்ன வெங்காயம், மிளகுத்தூள் சேர்த்து 1 ஸ்பூன் எண்ணெயில் புரட்டி, அடுப்பை அணைத்தபின் எலுமிச்சை பிழியவும். ஈரம் மிஞ்சினால் ரொட்டி தொய்ந்துவிடும். அதனால் கோதுமை ரொட்டியைச் சிறுதீயில் இரண்டு பக்கமும் மொறுமொறுப்பாகச் சுட்டு, சாப்பிடும்போதுதான் பரப்ப வேண்டும்.

சுண்டலுக்கு கொண்டைக்கடலை முந்தைய இரவே ஊறணும். வேகவைத்து மசிக்க, கடலை வெந்த தண்ணீர் 2 ஸ்பூன் போதும். புரதத்தில் சூரை முந்தும். நார்ச்சத்து மீனில் கிடையாது, கடலையில் தாராளம். டிபன் பாக்ஸுக்குச் சுண்டலே சரி, ரொட்டியையும் மசியலையும் தனித்தனியாகக் கட்டிக்கொடுங்கள்.