சாட்டிகோனா சந்தைக்குப் போகிறீர்களா? சால்வையைத் திருப்பிப் பாருங்கள்

ஒடிசாவில் ராயகடா பக்கம் நடக்கும் சாட்டிகோனா புதன்கிழமைச் சந்தைக்குக் கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். 6,500 ரூபாய் தொலைத்துவிட்டு எழுதுகிறேன்.

தை மாதம் நானும் சித்தியும் போனோம். விசாகப்பட்டினத்தில் ஒரு வழிகாட்டியைப் பிடித்தோம். தெலுங்கு, ஒடியாவோடு கொஞ்சம் தமிழும் பேசினார். தமிழைக் கேட்டதும் நம்பிவிட்டோம்.

நியமகிரி மலையிலிருந்து டோங்ரியா கோண்ட் பழங்குடிப் பெண்கள் மஞ்சள், இஞ்சி, வாழைப்பழம் என்று சுமந்துகொண்டு இறங்குகிறார்கள். 2013-இல் 12 கிராம சபைகளிலும் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்று ஒரே குரலில் சொன்ன மலை அது. ஆனால் அந்தப் பெண்கள் சந்தைக்குள் நுழையும் முன்பே வியாபாரிகள் வழிமறித்து, பிடுங்காத குறையாகக் கூடையை இறக்குகிறார்கள். எடை போடவில்லை, பேரம் பேசவில்லை, கையில் சில நோட்டைத் திணித்ததோடு சரி. “இங்கே இதெல்லாம் சகஜம் மேடம்” என்றார் வழிகாட்டி.

படம் எடுக்க ஆளுக்கு 500 ரூபாய் வாங்கிக்கொண்டார். அந்தப் பெண்களுக்குப் போகுமாம். போனைத் தூக்கியதும் ஒரு பாட்டி முகத்தை மறைத்துக்கொண்டார். “விடுடி, அவங்களுக்கு இஷ்டமில்லை” என்றார் சித்தி. போனை உள்ளே வைத்தேன். அந்த 1,000 ரூபாய் வழிகாட்டியின் சட்டைப்பையை விட்டு வெளியே வரவே இல்லை.

அப்புறம் சால்வை. கப்டாகண்டா என்பார்கள். வெளிர் துணியில் சிவப்பு, மஞ்சள், பச்சை நூலால் முக்கோணமும் கோடுமாக டோங்ரியா பெண்கள் கையால் போடும் வேலை. 2024 ஜனவரியில் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தையில் ஒரு பெண்ணின் தோளில் கிடந்ததைக் காட்டி விலை கேட்கச் சொன்னேன். ஏதோ பேசிவிட்டு, “விற்க மாட்டாராம்” என்றவர், நேராக ராயகடாவில் ஒரு கடைக்குக் கூட்டிப்போனார். மலையில் ஒரு பெண் மூன்று மாதம் உட்கார்ந்து போட்டதாம். 5,500 ரூபாய். ரசீது கேட்டதற்கு, “பழங்குடி சாமானுக்கு ஏது ரசீது” என்று சிரித்தார் கடைக்காரர். நானும் அசட்டுச் சிரிப்போடு பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

ராத்திரி அறையில் சித்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு சால்வையைத் திருப்பினார். நாற்பது வருஷம் தையல் மெஷின் மிதித்தவர். பின்பக்கம் முழுக்க ஒரே வெள்ளை நூல். “அடியே, இது பாபின் நூல்டி. மெஷின் வேலை.”

மறுநாள் காலை கடைக்கு ஓடினோம். அடுக்கிலிருந்து நாலு சால்வையை இழுத்துப் பிரித்தார் சித்தி. நாலிலும் மூன்றாவது முக்கோணத்தில், அதே இடத்தில், அதே தையல் விட்டிருந்தது. “வேண்டுமானால் வேறு நிறம் எடுத்துக்கொள்ளுங்கள்” என்றார் கடைக்காரர். வழிகாட்டி, “எனக்கே தெரியாது மேடம்” என்று வண்டியைத் துடைக்கப் போய்விட்டார். பணம் திரும்பவில்லை.

வழிகாட்டி கைகாட்டும் கடையில் வாங்காதீர்கள். ரசீது இல்லையென்றால் இறங்கி வந்துவிடுங்கள். படத்துக்கு என்று அவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். இஞ்சி, மஞ்சள் வேண்டுமென்றால் அந்தப் பெண்களிடமே நேராக வாங்குங்கள், விரலைக் காட்டியே விலை பேசிவிடலாம்.

சால்வை இப்போது சித்தியின் தையல் மெஷினுக்கு உறை.