கோல்ட் 1851 நேவி: இத்தாலியப் பிரதி எப்படி?

பழைய ரிவால்வர்களில் என் மனசுக்கு முதலில் வருவது கோல்ட் 1851 நேவிதான். அமெரிக்காவில் நல்ல நிலையில் உள்ள அசலுக்கு ஆயிரக்கணக்கில் டாலர் எண்ணி வைக்க வேண்டும், அதனால் வட இத்தாலியில் செய்து இங்கே வரும் பிரதி ஒன்றைச் சில நூறு டாலருக்கு வாங்கினேன். அசலைப் படித்துக்கொள்ள இது எவ்வளவு உதவும் என்பதுதான் என் கேள்வி. நிறையவே உதவுகிறது.

கையில் எடுத்ததும் தெரிவது அந்தச் சமநிலை: ஒரு கிலோவுக்கு மேல் எடை, ஏழரை அங்குல எண்கோணக் குழல், ஆனாலும் முன்பக்கம் இழுக்காமல் கையோடு ஒட்டி நிற்கிறது. அமெரிக்க மேற்கின் பேர்போன துப்பாக்கி வீரர் வைல்ட் பில் ஹிக்காக் ஏன் இதை ஜோடியாக வைத்துக்கொண்டு அலைந்தார் என்பது அப்போது புரிந்துவிடுகிறது. குண்டு நிரப்பும் சுழல் உருளையான சிலிண்டருக்கு மேலே சட்டம் கிடையாது, குழலை உடலோடு பிடித்து வைப்பது குறுக்கே செருகிய ஒரு சின்ன ஆப்பு மட்டும்தான். சுத்தியலைப் பாதி இழுத்து வைத்து ஆப்பைத் தட்டினால் குழல், சிலிண்டர், உடல் என்று தனித்தனியாக வந்துவிடும், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் அசலை எத்தனை முறை பார்த்தாலும் இதெல்லாம் கைக்குப் பழகாது.

சிலிண்டரைச் சுற்றியுள்ள படத்தில்தான் மனசு நிறையவில்லை. 1843 மே மாதம் டெக்ஸஸ் கடற்படையும் மெக்சிகோ கடற்படையும் மோதிய கம்பீச்சே சண்டை அது, ஆர்ம்ஸ்பி என்ற செதுக்குக் கலைஞர் செதுக்கிய அச்சால் அசலில் உருட்டிப் பதித்தார்கள், பாய்மரக் கயிறுகூட மெல்லிசாகத் தெரியும். என் பிரதியில் கோடுகள் தடிமன், கடல் அலை வெறும் கீறலாகத்தான் இருக்கிறது. அசலில் இந்தப் படம் எவ்வளவு தேயாமல் மிஞ்சியிருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் சேகரிப்பாளர்கள் விலையே பேசுவார்கள், அதனால் இது சின்ன விஷயம் இல்லை. அப்புறம், அசல்களில் பெரும்பாலானவற்றில் கைப்பிடிப் பித்தளைக்கு வெள்ளி முலாம் உண்டு, தேய்ந்துபோனதால் இன்று மஞ்சளாகத் தெரிகிறது. பிரதியில் வெறும் பித்தளை, வால்நட் மரத்தில் செக்கச்செவேலென்று கனமான வார்னிஷ் வேறு.

சுட்டுப் பார்ப்பவர்களுக்கு: கருமருந்து மட்டும்தான், புகையில்லா மருந்து பக்கமே போகக் கூடாது. ஈயக் குண்டு சிலிண்டரில் அது உட்காரும் அறையைவிட இம்மியளவு பெரியது, நெம்புகோலால் அழுத்தும்போது மெல்லிய ஈய வளையம் சீவிக்கொண்டு விழுந்தால் சரியாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். குறிபார்க்கும் பின்பக்கக் காடி சுத்தியலின் மூக்கிலேயே இருக்கிறது, கிட்டத்து இலக்கில் குண்டு மேலே போய் விழும். மருந்தைப் பற்றவைக்கும் சின்னச் செப்புக் கேப் வெடித்ததும் உடைந்து உள்ளே சிக்குவது இந்த வடிவமைப்போடு பிறந்த குணம், அசலும் அப்படித்தான். அன்றைக்கே சோப்பும் வெந்நீரும் போட்டுக் கழுவி எண்ணெய் தடவாவிட்டால் துரு நிச்சயம்.

வாங்குவதாக இருந்தால் உடல் எஃகா பித்தளையா என்று முதலில் கேளுங்கள். பித்தளை உடல் விலை குறைவு, பளபளவென்று அழகாகவும் இருக்கும், ஆனால் கோல்ட் இந்த நேவியை எஃகு, இரும்பு உடலோடு செய்ததே தவிர பித்தளையில் இல்லை. பித்தளையில் வார்த்தது அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது இரும்பு கிடைக்காமல் தவித்த தென் மாநிலப் பட்டறைகள், ஜார்ஜியாவின் கிரிஸ்வோல்ட் அண்ட் கன்னிசன் போல. அவர்கள் குழலையும் வட்டமாக்கிவிட்டார்கள், அதனால் எண்கோணக் குழலுக்குப் பித்தளை உடல் மாட்டி விற்பதை நான் வாங்க மாட்டேன்.