திருபுவனம் பட்டு: விலையில் நெசவுக் கூலி எவ்வளவு?

கும்பகோணம்–மயிலாடுதுறை சாலையில் இருக்கும் திருபுவனத்துக்குக் கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் எடையையும் ஜரிகையையும் பார்த்துத்தான் விலை பேசுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது நெசவு. 1955இல் தொடங்கிய நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் விற்பனை நிலையமும், ஏராளமான தனியார் கடைகளும் இங்கே உண்டு. 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நெசவு நெருக்கம், சாயம், விசிறி மடிப்பு எல்லாவற்றிலும் தாராளமாக நம்பி வாங்கக்கூடிய சேலை.

விலையில் பெரிய பங்கு மூன்று: பட்டு, ஜரிகை, கூலி. கச்சாப் பட்டும் வெள்ளியும் தங்கமும் ஏறினால் சேலை விலை உடனே ஏறும். கூலி அப்படி ஏறாது. சேலைக்கு இவ்வளவு என்று பேசி முடித்த தொகை, அடுத்த பேச்சுவார்த்தை வரை அப்படியே நிற்கும். அதனால்தான் ஜரிகை விலை எகிறும் ஆண்டுகளில் நாம் கூடுதலாகக் கொடுக்கும் பணம் தறிக்குப் போய்ச் சேருவதில்லை.

ஒரு சேலைக்குக் கூலி 4,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இருவர் ஆறு நாள் உட்கார்ந்தால் 12 ஆள்நாள். ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 333 ரூபாய். பாவு (நெடுக்கு இழை) பிணைப்பது, தார் (குறுக்கு இழை சுற்றும் குச்சி) சுற்றுவது, அறுந்த இழையை முடிவது எல்லாம் இதற்குள்தான். கட்டட வேலைக்குப் போகும் சித்தாளுக்கே இதைவிட அதிகம் கிடைக்கிறது. கைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023இல் 300 ஆனது நல்ல உதவி. ஆனால் அது கூலிக்கு ஈடாகாது.

உழைப்பு எங்கே இருக்கிறது என்று அறிய சேலையைத் திருப்பிப் பாருங்கள். பேட்டையும் (கரை) உடலையும் தனித்தனியாக நெய்து கோக்கும் கோர்வைச் சேலையில் பேட்டின் ஊடை, அதாவது குறுக்கு இழை, உடலுக்குள் போகாது. சேரும் இடத்தில் இரண்டும் கோத்துக்கொண்டு நிற்கும். மூன்று நாடா (ஊடையை ஓட்டும் கருவி), துணைக்கு இன்னொரு ஆள் என்பதால் கூலி கூடும். கோர்வை இல்லாத சேலையில் ஒரே ஊடை இரண்டிலும் ஓடுவதால் பேட்டு நிறம் சற்றுக் கலந்து தெரியும். உடலில் வரும் சிறு பூ வேலையான புட்டாவிலும் அப்படித்தான்: தனித்தனியாகக் கோத்ததில் நூல் அங்கேயே திரும்பும். குறுக்கே ஓடவிட்டுக் கத்தரித்ததில் வெட்டுநுனிகள் துருத்தும், நாளடைவில் உருவும்.

சில்க் மார்க் முத்திரை நூல் பட்டு என்பதற்கு மட்டுமே சாட்சி. விசைத்தறிப் பட்டிலும் அது நியாயமாகவே இருக்கும். கையால் நெய்தது என்று சொல்வது கைத்தறி முத்திரைதான். அதைத் தனியாகக் கேளுங்கள். ஜரிகையைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டிழை தெரிய வேண்டும். செம்பு நிறக் கம்பி தெரிந்தால் அசல் ஜரிகை இல்லை.

ஒரே விலையில் இரண்டு சேலை கையில் இருந்தால் அகல ஜரிகையை விட்டுவிட்டு, ஜரிகை குறைந்த கோர்வையை எடுங்கள். உடுத்தவும் இலகு, பணமும் நெய்தவரிடம் கூடுதலாகப் போகும்.

சொல்லி நெய்வதானால் ஐப்பசி, கார்த்திகையில் கெடு வைக்காதீர்கள். தரையில் குழி வெட்டி அமைத்த குழித்தறியில் ஈரம் ஊறிப் பாவு இழை நெகிழும், அறும்; தறி நிற்கும் நாளுக்குக் கூலியும் கிடையாது. தை முகூர்த்தத்துக்கு ஆவணியிலேயே சொல்லிவிடுங்கள்.