குலாங்யூ: பகலில் போய் வருவதா, இரவு தங்குவதா?

சீனாவின் ஷியாமென் நகருக்கு எதிரே உள்ள குலாங்யூ 2 சதுர கிலோமீட்டர்கூட இல்லாத தீவு. கார் கிடையாது, நடைதான். காலையில் படகேறி, சாயங்காலம் திரும்பிவிடலாம் என்றுதான் தோன்றும்.

ஷூஜுவாங் தோட்டத்துக்கு மட்டும் என்றால் சரி, அது போதும். லின் எர்ஜியா என்ற செல்வந்தர் 1913இல் அமைத்தது. வாசலில் ஒரு சுவர் கடலை மறைக்கிறது. அதைத் தாண்டித் திரும்பினால் சட்டென்று முழுக் கடலும் கண்முன்! நீரின்மேல் வளைந்து போகும் பாலத்தின் பெயரே 'நாற்பத்து நான்கு'. கட்டியபோது அவருக்கு அத்தனை வயதாம். உள்ளேயே பியானோ அருங்காட்சியகமும் உண்டு.

கட்டடங்களுக்காகப் போகிறவர்கள் தங்குவதே மேல் என்பேன். 1903 முதல் பன்னாட்டுக் குடியிருப்பாக இருந்த இடம். பழைய துணைத் தூதரகங்கள், தேவாலயங்கள், கடல்கடந்து சம்பாதித்துத் திரும்பிய சீனர்களின் செங்கல் மாளிகைகள் எல்லாம் சந்துகளுக்குள் இருக்கின்றன. 2017இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்? விடியற்காலையில்தான் தூண் வைத்த வராந்தாக்களை நின்று பார்க்க முடியும்.

வாடகைச் செலவு கூடும். அப்புறம், மேடு பள்ளத்தில் பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்கவேண்டியிருக்கும்.